படுக்கையருகே ஒருவர்

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஒருவருக்கு எது அதிகம் வலிக்கும்? கழுத்து இரத்தக்குழாயில் ஊசிக்குழாய் ஏற்றுவதா, தொண்டை ட்யூபுக்குள் தேங்கிய சளியை உறிஞ்சி எடுப்பதா, அறுவைக் காயத்துக்குக் கட்டு மாற்றுவதா? அமெரிக்காவில் கேத்லீன் புன்டிலோ என்ற செவிலிய ஆய்வாளர் தம் குழுவினருடன் ஏறத்தாழ 6,000 நோயாளிகளிடம் இதைக் கேட்டறிந்து 2001இல் முடிவை வெளியிட்டார். ஆறு காரியங்களை ஒப்பிட்டிருந்தார்கள். அவற்றில் அதிகம் வலிக்கிறது என்று பெரியவர்கள் சொன்னது, தங்களைப் படுக்கையில் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைப்பதை.

அதில் ஊசி இல்லை, கத்தி இல்லை. இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்துகொண்டே இருக்கிற வேலை. யாரும் அதைச் சிகிச்சை என்று எண்ணுவதில்லை. அதற்கு முன்னால் வலி மருந்து கொடுக்க வேண்டும் என்று அன்று பலருக்குத் தோன்றியதும் இல்லை. வலிக்கிறதே என்று திருப்பாமல் விட்டுவிடவும் முடியாது. தீவிர நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் செவிலியரின் வேலை முழுவதும் இந்த இக்கட்டுக்குள் இருக்கிறது. உயிரைக் காக்கும் ஒவ்வொரு காரியமும் உடம்புக்கு ஒரு துன்பத்தைக் கொண்டுவருகிறது. அந்தத் துன்பத்தைக் குறைக்கும் வழி தெரியாவிட்டால், காக்கும் காரியமே பாதியில் தோற்றுப்போகிறது.

ஏன் திருப்ப வேண்டும்? மல்லாந்து கிடப்பவரின் பிட்ட எலும்பு, குதிகால், தோள்பட்டை, பின்மண்டை ஆகிய இடங்களில் உடம்பின் எடை சிறு பரப்பில் இறங்குகிறது. தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களில் அழுத்தம் மிகக் குறைவு. 1930இல் யூஜின் லாண்டிஸ் விரல் நகத்தடியில் அளந்தபோது, இரத்தம் உள்ளே நுழையும் முனையிலேயே அது 32 மில்லிமீட்டர் பாதரச அளவுதான் இருந்தது. மெத்தைக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்கும் சதையில் அதைவிட அதிக அழுத்தம் எளிதில் உண்டாகிவிடும். ஓட்டம் நின்றுபோன இடத்தில் சதை பசியெடுத்துச் சாகத் தொடங்கும். நாம் தூங்கும்போது உடம்பு தானாகவே புரண்டுகொள்கிறது. மயக்க மருந்தில் இருப்பவர் புரள்வதில்லை. இரத்த அழுத்தம் விழாமல் தாங்கிப் பிடிக்கக் கொடுக்கும் நோர்அட்ரினலின் போன்ற மருந்துகள் தோலின் குழாய்களை இன்னும் சுருக்குகின்றன. சேதம் பல நேரம் எலும்பை ஒட்டிய ஆழத்தில் தொடங்குகிறது. தோலில் சிவப்புத் தெரியும்போது உள்ளே ஏற்கெனவே நிறையப் போயிருக்கும். வளர்ந்துவிட்ட படுக்கைப் புண்ணில் எலும்பே வெளியே தெரிவதும் உண்டு.

முன்பெல்லாம் முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவதுதான் படுக்கைப் புண்ணுக்குத் தடுப்பு என்று நம்பினார்கள். நம்மூர் மருத்துவமனைகளிலும் அந்த வாசனை நெடுநாள் இருந்தது. இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியரும் அவருடைய தோழர்களும் முதியோர் வார்டுகளில் ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட நூல் அந்த நம்பிக்கையை அசைத்தது. எதைத் தடவினோம் என்பதைவிட, எத்தனை முறை இடம் மாற்றிப் படுக்க வைத்தோம் என்பதுதான் கணக்கு. இன்று சிவந்துபோன எலும்பு மேட்டை அழுத்தித் தேய்ப்பதே கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அடியில் நசுங்கியிருக்கும் சதையை அது மேலும் கிழிக்கும்.

தேர்ந்த செவிலியர் ஒருவர் நோயாளியைத் திருப்புவதைக் கவனித்துப் பார்த்தால், அதில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்பது புரியும். வலி மருந்து முன்பே போயிருக்கும், வேலைசெய்ய அதற்குச் சற்று நேரமும் கொடுத்திருப்பார். நோயாளி கண் மூடியிருந்தாலும் பெயரைச் சொல்லி, "ஐயா, இப்போ இடப்பக்கம் திருப்பப் போறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். ஒருவர் தலைமாட்டில் நின்று தொண்டை ட்யூபை மட்டும் பிடித்துக்கொள்வார். மற்றவர்கள் அடிவிரிப்போடு சேர்த்துத் தூக்குவார்கள். இழுத்தால் தோல் ஒரு பக்கமும் அடிச்சதை இன்னொரு பக்கமும் போய் நடுவிலுள்ள குழாய்கள் அறுபடும். முழுப் பக்கவாட்டில் கிடத்தினால் இடுப்பு எலும்பு நசுங்குமென்று, முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து முப்பது டிகிரி அளவுக்கு மட்டும் சாய்ப்பார். கெண்டைக்கால் அடியில் இன்னொரு தலையணை போட்டால் குதிகால் எதிலும் படாமல் நிற்கும். கடைசியாக விரிப்புக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவார்: ஊசி மூடி, ஒயர், மடிந்த காத்தீட்டர் ஏதாவது உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று. உணர்விருப்பவர் உறுத்துகிறது என்று சொல்லிவிடுவார். இவர் சொல்ல மாட்டார்.

வலியைப் பற்றிய கேள்வியும் அங்குதான் கடினமாகிறது. வாயில் ட்யூப் இருப்பவர் பேச முடியாது. குரல்நாண்களின் நடுவேதான் அது போகிறது. பத்துக்கு எத்தனை மார்க் வலி என்று கேட்டால் விரல் காட்டக்கூடத் தெம்பில்லாதவரிடம் வலியை எப்படி அளப்பது? நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறினால் வலி என்று எடுத்துக்கொள்ளலாமா? அவற்றை மட்டும் நம்பக் கூடாது என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. காய்ச்சலிலும் ஏறும், மருந்தாலும் ஏறும். கடும் வலியிலும் ஏறாமல் இருக்கும். உடம்பை வேறு விதமாக வாசிக்க வேண்டியிருந்தது.

கனடாவில் செலின் ஜெலினா என்ற செவிலிய ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட அளவுகோல் இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. நான்கே விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: முகம், உடல் அசைவு, தசை இறுக்கம், வெண்டிலேட்டரோடு ஒத்துப்போகும் விதம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண். புருவம் நெரிகிறதா, கண்ணை இறுக மூடுகிறாரா, வலிக்கும் இடத்தை நோக்கிக் கை மெல்ல நகர்கிறதா, முழங்கையை மடக்கிப் பார்த்தால் விறைத்து எதிர்க்கிறதா, மெஷின் மூச்சுக் கொடுக்கும்போது இருமி எதிர்க்கிறாரா. கூட்டினால் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் வலி இருக்கிறது என்று கொண்டு மருந்து கொடுக்க வேண்டும். கொடுத்தபின் மறுபடி அளக்க வேண்டும். அனுபவமுள்ள செவிலியர் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டிருந்ததுதான் இது. அதை எண்ணாக்கியதில் ஒரு பெரிய நன்மை விளைந்தது. "இவருக்கு வலிக்குது போல இருக்கு சார்" என்பது ஒருவரின் அபிப்பிராயமாக நின்றுவிடும். "ஐந்து இருந்தது, மருந்துக்குப் பிறகு ஒன்று" என்றால் அடுத்த ஷிஃப்டில் வருகிறவரும் அதன் மேல் நடவடிக்கை எடுப்பார்.

இப்படி ஒருவர் படுக்கையருகே நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது ஐ.சி.யூ. பிறந்த நாளிலேயே அதனோடு பிறந்தது. 1952 ஆகஸ்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்து வந்த பிள்ளைகளுக்குப் போதுமான சுவாசக் கருவிகள் இல்லை. முதல் சில வாரங்களில் அப்படி வந்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன், அறுவை அரங்கில் செய்வதை வார்டிலும் செய்யலாம் என்றார்: கழுத்தில் துளையிட்டு ட்யூப் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளுவது. ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதலில் செய்தார்கள். அவள் பிழைத்தாள். ஆனால் பையை அழுத்தக் கை வேண்டுமே, அதுவும் வாரக்கணக்கில், இரவும் பகலும். ஏறத்தாழ 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு வந்து உட்கார்ந்தார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் கோபன்ஹேகனின் இன்னொரு மருத்துவமனையில் இப்சன் தொடங்கிய பிரிவைத்தான் உலகின் முதல் ஐ.சி.யூ. என்று பலரும் சொல்கிறார்கள். அதற்கு வழிகாட்டிய அந்தப் போலியோ வார்டில் மூச்சுக் கொடுத்தது மெஷின் அல்ல. ஒரு பையும், அதை அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளும்தான்.

பிறகு மெஷின் வந்தது, கை விடுபட்டது. மெஷின் கொடுக்கும் மூச்சை உடம்பு எதிர்க்கிறது என்று மயக்க மருந்தைக் கூட்டினார்கள். தூங்கினால் துன்பம் தெரியாது, ட்யூபைப் பிடுங்க மாட்டார், பார்க்கிறவர்களுக்கும் நிம்மதி. இந்த எண்ணம் எவ்வளவு இயல்பானதோ அவ்வளவு தவறானது என்று தெரிய இருபது முப்பது ஆண்டுகள் ஆயின. 2000இல் சிகாகோவில் ஜான் கிரெஸ் குழுவினர் 128 பேரை வைத்து ஓர் எளிய காரியம் செய்து பார்த்தார்கள்: நாளுக்கு ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்க விடுவது. அப்படி விழிக்க விடப்பட்டவர்கள் வெண்டிலேட்டரில் இருந்த காலம் நடுமதிப்பில் 4.9 நாள், விடப்படாதவர்களுக்கு 7.3 நாள். 2010இல் டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் இன்னும் ஒரு படி மேலே போய், வலி மருந்து மட்டும் கொடுத்து, மயக்க மருந்தே கொடுக்காமல் பார்த்தார்கள். மெஷினில் இருக்கும் நாட்கள் மேலும் குறைந்தன. 2020இல் வெளிவந்த பெரிய ஆய்வில் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இன்று மிதமான வழியே பெரும்பாலும் ஏற்கப்படுகிறது: வலியை முதலில் அடக்கு, கூப்பிட்டால் கண் திறக்கும் அளவுக்கு மட்டும் மயக்கம் வை.

ஓடென்ஸ் ஆய்வில் ஒரு சிறு விவரம் உண்டு, என் பார்வையில் அதுதான் அதன் சாரம். மயக்க மருந்து இல்லாத நோயாளிகளில் சிலருக்கு, தைரியம் சொல்லி ஆறுதலாகப் பக்கத்தில் இருக்கக் கூடுதலாக ஓர் ஆள் தேவைப்பட்டார். மயக்க மருந்து செய்துகொண்டிருந்த வேலையில் ஒரு பகுதியை மனிதர் ஒருவர் செய்ய முடிந்தது. தலைகீழாகச் சொன்னால், ஆள் குறையும் இடத்தில் அந்த வேலையை மருந்து எடுத்துக்கொள்கிறது.

அந்த மருந்துக்கு மூளை விலை கொடுக்கிறது. தீவிர நோயில் மூளை தடுமாறிப்போவதை டெலிரியம் என்கிறார்கள். நோயாளி திடீரென்று நேரம், இடம் மறந்துவிடுவார். தன்னைக் கடத்திக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றோ, நர்ஸ் விஷம் ஏற்றுகிறாள் என்றோ உறுதியாக நம்புவார். கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் வெறித்துப் பார்த்தபடி கிடக்கும் வகைதான் அதிகம் தவறிப்போவது. "ரொம்ப அமைதியா இருக்காங்க" என்று உறவினரும் மகிழ்ந்துவிடுவார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வெஸ் ஈலி குழுவினர் 2001இல் இதைக் கண்டுபிடிக்க, பேச முடியாதவரிடமும் நடத்தக்கூடிய சில நிமிடச் சோதனையை வகுத்தார்கள். செவிலியர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். குறித்த ஓர் எழுத்து வரும்போது மட்டும் நோயாளி அவர் கையை அழுத்த வேண்டும். பிறகு தலையசைத்தால் போதும் என்ற கேள்விகள்: கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்குமா? ஆணி அடிக்கச் சுத்தியல் உதவுமா? குழந்தைக் கேள்விகள்தாம். கணக்காளராக வாழ்ந்த ஒருவர் கல் மிதக்கும் என்று தலையசைக்கும்போது, அவர் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியே வருகிறது.

இதை வயதானவர்களின் உளறல் என்று ஒதுக்க முடியாமல் போனதற்குக் காரணம் எண்கள். 2004இல் அதே குழு, வெண்டிலேட்டரில் இருந்தவர்களில் டெலிரியம் வந்தவர்களில் 34 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்ததையும், வராதவர்களில் அது 15 சதவீதம் என்பதையும் காட்டியது. 2013இல் வந்த தொடர் ஆய்வில், ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்தவர்களில் நான்கில் ஒருவருக்கு ஓராண்டுக்குப் பிறகும் நினைவும் சிந்தனையும் ஆரம்பநிலை அல்சைமர் நோயாளியின் அளவுக்குக் குறைந்திருந்தன. டெலிரியம் நீடித்த நாட்கள் கூடக் கூட இந்தக் குறையும் கூடியது. மாத்திரை இருக்கிறதா? ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் டெலிரியத்தின் நாட்களைக் குறைக்கவில்லை என்று 2018இல் தெளிவாயிற்று. உதவுகிறவை வேறு: மூக்குக் கண்ணாடியை மாட்டிவிடுவது, காது மெஷினைப் போட்டுவிடுவது, கண்ணில் படும்படி கடிகாரம், பகலில் ஜன்னல் வெளிச்சம், இரவில் இருட்டு, இன்று என்ன கிழமை என்று ஒவ்வொரு முறையும் சொல்வது, முடிந்தால் எழுப்பி உட்கார வைப்பது, தேவை முடிந்த குழாய்களை உடனே எடுத்துவிடுவது. எல்லாம் செவிலியர் கையில் இருப்பவை.

கையைக் கட்டிலோடு கட்டும் வழக்கத்தைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். ட்யூபைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம் நியாயமானது. ஆனால் குழம்பிய மனதுக்கு, தன் கை கட்டப்பட்டிருப்பது தான் கடத்தப்பட்டதற்குச் சாட்சி. பதற்றம் இன்னும் ஏறும். பிரிட்டனில் இப்படிக் கட்டுவது மிக அரிது. நம் ஊரில் இது வெகு சாதாரணம். இதற்காக அந்தச் செவிலியரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பார்வையில் இன்னும் சில கட்டில்கள் இருக்கின்றன.

பிழைத்து வந்தவர்களிடம் எது தாங்க முடியவில்லை என்று கேட்டால் பலரும் சொல்வது தாகம். உடம்பில் நீர் குறையாமல் சலைன் ஏறிக்கொண்டிருக்கும், ஆனாலும் வாய் திறந்தபடி, நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டு, ஒரு மிடறு தண்ணீருக்கு உயிர் ஏங்கும். ட்யூப் இருக்கும்வரை குடிக்க முடியாது. எடுத்த பிறகும் விழுங்கும் தசைகள் மரத்திருப்பதால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும், அதனால் ஸ்பூன் அளவில் பார்த்துப் பார்த்துத்தான் தொடங்குவார்கள். அதே புன்டிலோ 2014இல் 252 பேரிடம் ஒரு வைத்தியத்தைச் சோதித்தார்: சுத்திகரித்த குளிர்ந்த நீரை வாய்க்குள் தெளிப்பான் வழியாகப் பீய்ச்சுவது, நனைத்த பஞ்சுக் குச்சியால் வாயைத் துடைப்பது, உதட்டில் மெந்தால் கலந்த பூச்சு. தாகம் கணிசமாகக் குறைந்தது. வாயிலும் தொண்டையிலும் உள்ள குளிர்ச்சி உணரும் நரம்புகள், நீர் வயிற்றுக்குள் போய்ச் சேர்வதற்கு முன்பே மூளைக்குத் தாகம் தணிகிறது என்று சொல்லிவிடுகின்றன. இத்தனை மலிவான மருந்து ஐ.சி.யூ.வில் வேறு இல்லை.

வாய் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. வாயில் பெருகும் கிருமிகள் ட்யூபின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. அதைத் தடுக்கக் குளோர்ஹெக்சிடின் மருந்தால் வாய் துடைப்பது பல ஆண்டுகள் கட்டாயமாக இருந்தது. அந்த மருந்து சிலருக்குத் தீங்காகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததால், இப்போது அமெரிக்க வழிகாட்டிகள் அதைக் கைவிட்டு, சாதாரண டூத் பிரஷ்ஷால் பல் தேய்த்துவிடச் சொல்கின்றன. 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசலில், பல் துலக்கிவிட்டவர்களுக்கு மருத்துவமனை நிமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வெண்டிலேட்டரில் இருந்தவர்களுக்கே இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைப்பதும் இதற்காகத்தான். வயிற்றில் இருப்பது மேலேறித் தொண்டைக்கு வராது.

கண்ணை யாரும் நினைப்பதில்லை. ஆழ்ந்த மயக்கத்தில் இமை முழுதாக மூடாது; சிமிட்டலும் நின்றுவிடும். கருவிழியின் கீழ்ப்பகுதி மணிக்கணக்கில் காற்றில் காய்ந்து புண்ணாகி, தழும்பாகிவிடும். நுரையீரல் தேறி வீடு திரும்பியவர் மங்கிய பார்வையோடு போவது எவ்வளவு பெரிய இழப்பு! சில மணிக்கு ஒருமுறை கண்ணைத் துடைத்து, ஜெல் போட்டு, இமையை மெல்ல மூடிவிட்டு, தேவையானால் பாலிதீன் தாளால் ஈரம் போகாமல் மூடிவைத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

குப்புறப் படுக்க வைக்கும் சிகிச்சையில் இந்தச் சிறு காரியங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவருகின்றன. நுரையீரல் முழுதும் நீர் கோத்தவர்களை நாளுக்கு 16 மணி நேரமாவது குப்புறக் கிடத்தினால் என்ன ஆகும் என்று பிரான்ஸில் குளோட் கெரான் குழுவினர் 466 பேரிடம் பார்த்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள் 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தார்கள் என்று 2013இல் வெளியிட்டார்கள். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. குப்புறப் படுத்தால் அது நசுங்காமல் விரிகிறது. புது மருந்தோ புது மெஷினோ இல்லை, உடம்பைத் திருப்பியது மட்டும்தான். ஆனால் அந்தத் திருப்பலுக்கு நான்கைந்து பேர் வேண்டும். நெற்றி, கன்னம், தாடை எல்லாம் புண்ணாகும் இடங்களாக மாறும். மார்பில் ஒட்டிய ஈசிஜி பட்டைகளை முதுகுக்கு மாற்ற வேண்டும். ட்யூப் மடியாமல் தலையைச் சில மணிக்கு ஒருமுறை இடமும் வலமும் திருப்ப வேண்டும். கண் அழுந்துகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கோவிட் காலத்தில் முழுக் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு செவிலியர்கள் நாள் தவறாமல் இதைச் செய்தார்கள். அந்த ஆண்டுகளில் பிழைத்தவர்களில் எத்தனையோ பேரின் நுரையீரல் அவர்கள் கை பட்டு விரிந்தது.

சத்தம் அடுத்த துன்பம். இரவில் மருத்துவமனை அறைக்குள் 30 டெசிபல் அளவே இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐ.சி.யூ.க்களில் அளந்தால் ஐம்பதுக்கு மேல்தான் வருகிறது, அவ்வப்போது எண்பதையும் தொடுகிறது. கலிபோர்னியாவில் நர்சிங் பேராசிரியர் பார்பரா ட்ரூ குழுவினர் 77 கட்டில்களின் மானிட்டர்களை ஒரு மாதம் பதிவு செய்தார்கள். 25 லட்சத்துக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள். காதில் விழும்படி ஒலித்தவை மட்டும் ஒரு கட்டிலுக்கு நாளொன்றுக்கு 187. இதயத் துடிப்புக் கோளாறு என்று கத்தியவற்றை ஆராய்ந்து பார்த்ததில் பத்தில் ஒன்பது பொய். இத்தனை பொய்யில் மெய்யான ஒன்று தவறிவிடும் ஆபத்து ஒருபுறம். இன்னொருபுறம் நோயாளிக்குத் தூக்கமே இல்லை. மொத்தத் தூக்க நேரம் கணக்கில் சரியாக இருந்தாலும் அது துண்டு துண்டாகச் சிதறி, பாதி பகலில் போய், ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் இல்லாமல் போகின்றன. ஆளுக்கேற்ப அலாரம் எல்லைகளை மாற்றி வைப்பதும், இரவு வேலைகளை ஒன்றாகத் தொகுத்து நடுவில் சில மணி நேரம் தொடாமல் விடுவதும், காதில் பஞ்சடைப்பான் வைப்பதும் டெலிரியத்தைக் குறைக்க உதவுகின்றன. நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட செவிலியக் குறிப்புகளில் சத்தத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருந்தார். நோயாளி அறைக்குள் அவர் காதில் அரைகுறையாக விழும்படி கிசுகிசுப்பது கொடுமை என்பது அவருடைய கண்டிப்பு. மயக்கத்தில் இருப்பவர் தலைமாட்டில் நின்று "தேறுவாரா" என்று பேசிக்கொள்கிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

தேறி வந்தவர்கள் பலருக்கு அந்த நாட்கள் ஓட்டை விழுந்த நினைவாக நிற்கின்றன. ஓட்டைகளைக் கொடுங்கனவுகள் நிரப்பிவிடுகின்றன. ஸ்காண்டிநேவிய நாடுகளின் செவிலியர்கள் 1980களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதுவது. இன்று உங்களைக் குளிப்பாட்டினோம், மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், நீங்கள் கண் திறந்தீர்கள் என்று எளிய வரிகள். 2010இல் கிறிஸ்டினா ஜோன்ஸ் தலைமையில் ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வில், நாட்குறிப்பு பெற்றவர்களில் 5 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 13 சதவீதம் பேருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு புதிதாக வந்தது. பிரான்ஸில் 2019இல் வெளிவந்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. எண்கள் முரண்படுகின்றன. இருந்தும் இதை விட்டுவிட வேண்டாம் என்றே நான் நினைக்கிறேன். ஒருவருடைய வாழ்க்கையிலிருந்து காணாமல்போன வாரத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேறு வழி இல்லை.

இவ்வளவுக்கும் நேரம் வேண்டும், நேரம் என்றால் ஆள். லிண்டா எய்க்கன் குழுவினர் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் கணக்கை எடுத்து 2014இல் காட்டியது இது: ஒரு செவிலியர் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகச் சேரும்போது, முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. பட்டம் பெற்ற செவிலியர் விகிதம் 10 சதவீதம் கூடினால் அது 7 சதவீதம் இறங்குகிறது. நர்சிங்கில் பட்டப்படிப்பு இந்தியாவில் முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று வேலூர், ஆண்டு 1946. படிப்பு நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. வெண்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒரு செவிலியர் என்ற விதியும் தாளில் இருக்கிறது. அந்த ஒருவரைக் கட்டிலருகே நிறுத்தச் செலவு செய்யாமல், கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு மெஷினை வாங்கி வைப்பதை முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

வெளியே பெஞ்சில் காத்திருக்கும் வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. பிரேசிலில் 36 ஐ.சி.யூ.க்களில் பார்வையாளர் நேரத்தை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை தளர்த்திப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். நோயாளிகளின் டெலிரியம் குறையவில்லை, தொற்றும் கூடவில்லை. உறவினர்களின் பதற்றமும் மனச்சோர்வும் வெகுவாகக் குறைந்தன. உள்ளே போக விட்டாலும் விடாவிட்டாலும், செவிலியரிடம் சொல்லிவைக்க வீட்டாருக்குத்தான் சில விஷயங்கள் தெரியும். வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், எந்தக் காது நன்றாகக் கேட்கும், மூட்டுவலி எந்தப் பக்கம், எந்தப் பக்கம் ஒருக்களித்தால் தூக்கம் வரும், பல் செட் உண்டா, எந்த மொழியில் கணக்குப் போடுவார். இடக்கைக்காரரா என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. தெரிந்தால் முடிந்தவரை ஊசியை வலக்கையில் ஏற்றுவார்கள். ட்யூப் இருக்கும்போது தாளில் எழுதிக் காட்ட அவருக்கு அந்த இடக்கை வேண்டும்.